கண்டறியப்படவில்லை

கண்டனூரில் பூட்டிக் கிடக்கும் வீடொன்றின் பின்சுவர்.
முட்டை வெண்கரு கலந்து பூசிய அந்த வழவழப்பில்
ஆட்டின் விலா உயரத்துக்கு ஒரு பழுப்புக் கோடு.
ஒட்டிய மயிர். கொஞ்சம் ரத்தமும்.

"சொறின்னு வேப்பெண்ணெய் தடவுனேன்,
நீங்க குடுத்த ஊசியும் போட்டாச்சு, டாக்டரம்மா"
என்றாள் அடைக்கி.
மூன்று வயதுச் செம்மறி. காய்ச்சல் இல்லை.
தீனி எடுக்கிறது, இளைக்கிறது.
தோலைச் சுரண்டி நுண்ணோக்கியில் வைத்தேன்,
பூச்சி ஒன்றுமில்லை.
வெறிநாய்க் கடியா, மூளையில் நீர்க்கட்டியா
என்று ஒவ்வொன்றாய் அடித்துக்கொண்டே வந்தேன்.
பின்னங்கால்கள் மட்டும்
வேறு யாருடைய நடையையோ நடந்தன.

வாலுக்கு மேலே விரல் வைத்துச் சொறிந்தேன்.
தலையைத் தூக்கி, உதடு துடிக்க,
காற்றை மென்றது.
"பாருங்க, சொகமா இருக்கு அதுக்கு."
அவள் சிரித்தாள்.
பாடப்புத்தகத்தில் அந்த உதட்டுக்கு
ஒரு பக்கம் உண்டு.

கிருமி என்று சொல்ல முடியாது.
உடம்பு தானே செய்த புரதம்
ஒன்று தப்பாக மடிந்து
அண்டையில் இருப்பதையும் தன்னைப்போல் மடிக்கும்.
எதிர்க்க எதுவும் எழாது.
உடம்புக்கு அது அந்நியமே இல்லையே.
கொதிநீருக்கு அஞ்சாது, ஃபார்மலினுக்கும்தான்.
இதையெல்லாம் விட்டுவிட்டு
"மூளையைப் பார்த்தால்தான் தெரியும்" என்றேன்.
"அப்ப ஆடு?"

பூமிநாதன் தலையைப் பிடித்துக்கொண்டான்.
மண்டையோட்டின் பின்துளை வழியே நீளக் கரண்டி.
முகுளம் கவட்டையாய்ப் பிரியும் இடம்,
விரல்நுனி அளவு, அதுதான் வேண்டும்.
பாதி ஐஸில், பாதி ஃபார்மலினில்.
மிச்சத்துக்கு ஆளுயரக் குழி.
சுவரை யார் கழுவுவது என்று
வாட்ச்மேன் சண்டைக்கு வந்தார்.

நாற்பத்தொரு நாள்.
அறுபத்து மூன்று ஆடுகள் கண்மாய்க் கரையில்
விற்க முடியாமல் நின்றன.
புதுவயல் வியாபாரி ஒருமுறை வந்து
எட்ட நின்றே பார்த்துவிட்டுப் போனான்.

தாள் வந்தது. வாசித்தேன்:
மாதிரியில் நோய் கண்டறியப்படவில்லை.
அடைக்கி இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னாள்.
"இல்லைங்கிறாகளா,
தெரியலைங்கிறாகளா?"

ஆறு வருடம் படித்ததில்
இந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை.

இப்போதும் அந்தியில் கிடை அடைக்குமுன்
ஒவ்வொன்றின் முதுகையும் சொறிந்து
உதட்டைப் பார்க்கிறாளாம்.
பூமிநாதன் சொன்னான்.
சில ஆடுகளுக்கு
அது வெறும் சுகமாகவும் இருக்கும்.