நெடி

கழுத்து அட்டையில் அங்கயற்கண்ணி கொள்ளவில்லை.
கயலை எடுத்துவிட்டுக்
கண்ணியை மட்டும் அச்சடித்திருந்தார்கள்.
பரவாயில்லை,
எங்கள் ஆற்றிலும் அப்படித்தான் ஆயிற்று.

டர்பன். ஜூலை. இங்கே குளிர்காலமாம்.
கடற்கரை ஓட்டலில் பதினேழு நாட்டுப் பிள்ளைகள்.
ஆளுக்கொரு துணிப்பை, மூங்கில் பல்துலக்கி,
விமானம் எரித்த எண்ணெய்க்கு ஈடாக
ஊர் திரும்பி நட வேண்டிய மரங்களின் கணக்கு.
எனக்கு நாற்பத்தொன்று.
எங்கள் குடியிருப்பில் ஒன்று வைக்கவே
பக்கத்து வீட்டுக்காரரின் பைக்கை நகர்த்த வேண்டும்.
ஜன்னலில் கப்பல்கள் வரிசை கட்டி நின்றன.
அதில் ஏதாவது ஒன்று நிலக்கரியோடு
உன் ஊருக்கே போகலாம் என்றான் லுங்கெலோ.
விசா கேட்காமல், என்று சேர்த்துக்கொண்டான்.

பேச எனக்குக் கொடுத்தது ஏழு நிமிடம்.
சாம்பல் குழாய் உடைந்த இரவை
ஏழு நிமிடத்துக்குச் சுருக்கி வைத்திருந்தேன்.
ஆறாவதில் மணி அடித்தார்கள்.
அப்பாவின் வலை கனத்த இடத்துக்கு
நான் இன்னும் வரவேயில்லை.
கைதட்டினார்கள். நன்றாகத்தான் தட்டினார்கள்.

மூன்றாம் நாள் பேருந்தில் மெரிபேங்க்.
ஒருபக்கம் சுத்திகரிப்பு ஆலை,
மறுபக்கம் வீடுகள்,
நடுவே கம்பிவேலி,
வேலியில் யாரோ காயப்போட்ட பள்ளிச் சீருடை.
கதவு திறந்ததும்
நார்வேக்காரன் கைக்குட்டை எடுத்தான்.
லுங்கெலோ காலரை மூக்குவரை இழுத்தான்.
எங்கள் ஆசிரியைக்கு முந்தானை இருந்தது.
"என்ன ஆச்சு?" என்றேன் நான்.
அதே கேள்வியை அதே நொடியில்
இங்கிலீஷில் கேட்டாள் இன்னொருத்தி.

கெருஷா வீராசாமி. அந்தத் தெருக்காரி.
மூக்கை மூடாத இரண்டு பேர்
ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்,
பரீட்சையில் ஒரே தப்பை எழுதி
மாட்டிக்கொண்டவர்கள் மாதிரி.

அவளுக்குத் தெரிந்த தமிழ்
காவடியன்று கத்தும் அரோகரா.
அர்த்தம் கேட்டாள். எனக்கும் சரியாகத் தெரியாது.
"சரி, இதற்கு?" என்று காற்றைக் காட்டினாள்.
வாசனை கிடையாது. வாடை போதாது.
நெடி, என்றேன்.
நெடி, நெடி என்று
புளிப்பு மிட்டாய்போல் நாக்கில் உருட்டினாள்.

பிரகடனத்தின் நான்காம் பத்தியில் எழுதினோம்:
நெடியில் வளர்ந்து நெடி தெரியாமல் போன நாங்கள்.
வரைவுக் குழு இரவு முழுக்க உட்கார்ந்தது.
காலையில் அந்த இடத்தில்
காற்றின் தரம் குறித்த கவலைகளைக் கருத்தில் கொண்டு
என்று இருந்தது.
யார் வீட்டுக் காற்று என்பதும்
ராத்திரியில் எங்கோ விழுந்துவிட்டது.

கடைசி நாள் நிறைவு விழாவுக்குக்
கெருஷாவுக்குக் கறுப்புக் காலணி வேண்டும்.
வீடு இருபது நிமிடம். போய் வந்தாள்.
காலணி கையிலேயே இருந்தது.
"எனக்கு வீசியது" என்றாள்.
ஐந்து இரவு கடல்காற்றில் தூங்கிய மூக்கு.
வாசலிலேயே தெரிந்துவிட்டதாம்.
திரைச்சீலையில், தலையணையில்,
ஓடி வந்து கட்டிக்கொண்ட
தம்பியின் தலைமுடியில்.
என்னடி முகம், என்று அம்மா கேட்டாளாம்.
ஒன்றுமில்லை என்றாளாம்.

மேடையில் சான்றிதழ் கொடுத்தார்கள்.
நாளைய தலைவர் என்று பொன்னெழுத்து.
கீழே, கண்ணி.

விடிந்தால் விமானம்.
விளக்கணைத்துக் கிடந்து எண்ணிப் பார்க்கிறேன்,
எனக்கும் ஆறு இரவு ஆகிவிட்டது.
நாளன்றைக்கு எண்ணூர் ஸ்டேஷனில் இறங்குவேன்.
அப்பா சைக்கிளோடு நிற்பார்.
பையை வாங்கிக்கொண்டு,
மேடையில் பயந்தியா என்பார்.
அவர் சட்டைக்கு அவ்வளவு பக்கத்தில்
முகம் மாறாமல்
எத்தனை நேரம் மூச்சை அடக்கலாம் என்று
இப்போதே பழகிக்கொண்டிருக்கிறேன்.
பதினெட்டு. பத்தொன்பது.