உறை காயும் இடம்

முதல் வரைவில், மூன்றாம் அத்தியாயத்திலேயே
தவமலருக்குக் கால் முளைத்துவிட்டது.
இருநூறு வருசம் கழித்து நடக்கிற கதை.
ஒரு தொட்டி, நீலத் திரவம், ஒன்பது நாள்.
பத்தாம் நாள் விண்கலத்தின் நடைபாதையில் ஓடுகிறாள்.
எழுதியது நான்தான்,
மின்சாரக் கட்டணச் சிட்டைகளின் பின்பக்கத்தில்,
உவர்மலை வீட்டில், கரண்ட் போன இரவில்,
என் இடது காலைக் கழற்றிக்
கதிரையில் சாய்த்து வைத்துக்கொண்டு.

விடியப் படித்துப் பார்த்தேன்.
அந்தக் கப்பலில் நானூற்றுப் பன்னிரண்டு பேர்.
என்னைப் போல ஒருத்தர் இல்லை.
எதிர்காலத்தை எழுதப் போய்
சத்தமில்லாமல் என்னை வெளியே விட்டிருக்கிறேன்.
வாசலில் காவலுக்கும் நானே நின்றிருக்கிறேன்.

அந்தப் பக்கங்களை மான் தின்றது.
இதைக் கற்பனை என்று நினைப்பவர்கள்
திருகோணமலைக்கு வந்ததில்லை.
பஸ் நிலையத்துக்குக் கிட்ட ஒரு வாங்கில் இருந்து
வியர்த்து எரிந்த முழங்காலை ஆறவிட்டுக்கொண்டிருந்தேன்.
பையிலிருந்து எட்டிப் பார்த்த தாள்களைக்
கொம்பில்லாத மான் ஒன்று இழுத்தது.
தொட்டியைத் தின்றது. நீலத் திரவத்தைத் தின்றது.
பத்தாம் நாள் ஓட்டத்தை மென்றபடி
ஓட்டோக்கள் ஹோர்ன் அடிக்க றோட்டைக் கடந்து போனது.
நான் துரத்தவில்லை.
துரத்தியிருக்கவும் முடியாது,
ஆனால் அது வேறு விசயம்.

இரண்டாம் வரைவில்
தவமலர் காற்றுக் குழாய்களுக்குப் பற்றவைப்பவள்.
கடன்காரி. சீட்டாட்டத்தில் கள்ளம் செய்வாள்.
யாருக்கும் தெம்பூட்ட மாட்டாள்.
அவள் காலுக்குள் ஆயுதம் எதுவும் ஒளித்து வைக்கவில்லை.
அது கால். திருகு தளர்ந்தால் கிறீச்சிடும்.

உள்துறைமுகத்தில் நின்ற சரக்குக் கப்பலின் ஏணியைக்
கரையிலிருந்து எண்ணினேன். நாற்பத்தொரு படி.
என் கப்பலுக்குச் சாய்தளம் வைத்தேன்.
பிறகுதான் பெரிய சிக்கல் வந்தது.
ஒளியின் வேகத்தைக் கணக்கெடுத்தவர்கள் ஒருவரும்
எடுக்காத கணக்கு:
காலுக்குள் போடும் உறையைத் துவைத்து
விண்வெளியில் எங்கே காயப் போடுவது?
நாளுக்கு இரண்டு. வெயில் காலத்தில் மூன்று.
எனக்கு அடுப்படிக் கம்பி இருக்கிறது.
அவளுக்கு இயந்திர அறைக்குப் பின்னால்
சூடான குழாய் ஒன்றைக் கொடுத்தேன்.
தலைமைப் பொறியாளர் முறைக்கிறார்.
முறைக்கட்டும்.

பாலத்துக்கு அந்தப் பக்கம், கிண்ணியாவில்,
என் காலைத் திருத்துகிற ரிஸ்மியாவிடம் கேட்டேன்,
இருநூறு வருசத்தில் என்ன சாவி பாவிப்பார்கள் என்று.
திருகாணியைப் பல்லில் கடித்தபடி யோசித்தாள்.
“நாலு மில்லிமீற்றர் அலன் கீதான்.
அதையும் ஆரோ துலைச்சிருப்பாங்க.”
அப்படியே எழுதினேன்.

பதிப்பாசிரியர் கௌரிதாசன் கொழும்பிலிருந்து எடுத்தார்.
கதை பிடித்திருக்கிறதாம். ஆனால்
கால் எப்படிப் போனது? பிறவியா, போரா, விபத்தா?
வாசகர்கள் கேட்பார்களாம்.
இறங்க இரண்டு தரிப்பிடம் இருக்கும்போது
பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரர் கேட்பாரே,
அதே குரல்.
தவமலர் அவருக்குச் சொல்லவில்லை.
நானும் உங்களுக்குச் சொல்லப்போவதில்லை.

மற்றது, முடிவில் நம்பிக்கை வேணுமாம்.
“அவ்வளவு முன்னேறின காலத்தில, தங்கச்சி,
அவளை நடக்க வைக்கேலாதா?”
நடக்கிறாளே, என்றேன்.
பதினேழாம் பக்கம் முழுக்க நடக்கிறாள்.

முடிவை இன்னும் அனுப்பவில்லை.
இப்போதைக்கு இவ்வளவுதான் இருக்கிறது:
அபாய மணி. இருட்டு.
மற்றவர்கள் ஓடுகிறார்கள்.
தவமலர் கட்டிலுக்கடியில் துழாவி,
உறையை இழுத்து, சுருக்கம் நீவி
(சுருக்கம் இருந்தால் புண்ணாகும்)
காலைப் பொருத்துகிறாள். ஒரு கிளிக். இன்னொரு கிளிக்.
நான் அவளை அவசரப்படுத்தவில்லை.
ஐந்து வரி, ஆறு வரி, போகட்டும்.
கப்பலைக் கட்டும்போதே அந்த மணியை
அவ்வளவு நேரம் முந்தி அடிக்க வைத்துவிட்டேன்.
வெளியே யாரோ
கதவைத் திறந்து பிடித்தபடி நிற்கிறார்கள்.
யாரென்று எனக்கு இன்னும் தெரியவில்லை.
கடன் கொடுத்தவனாக இருக்கலாம்.