ஓர் எழுத்துக்கான கூலி

ஜெனோவாவில் தெருக்கள் படுத்திருப்பதில்லை,
எழுந்து நிற்கின்றன.
அதை நம்பித்தான் எங்கள் அடுப்பு எரிந்தது.
இந்தச் சரிவின் முழங்கால் வலிகளையும் காய்கறிப் பைகளையும்
எழுபத்தோராம் ஆண்டிலிருந்து நாங்கள்தான்
மேலே அனுப்பிக்கொண்டிருக்கிறோம்.
அறுநூற்றுப் பன்னிரண்டு லிஃப்டுகள்.
பலகையில் ‘பாச்சிகலூப்போவும் மகன்களும்’.
பன்மை தாத்தாவின் பேராசை.
எப்போதும் ஒருவன்தான் இருந்தான்:
முதலில் அப்பா,
பிறகு நான்.

எனக்குக் கிரீஸ் வாசனை ஒத்துக்கொள்ளாது.
கணக்கு எழுதினேன்.
அப்பா போனபின் அம்மாதான் எல்லாம்.

ஒரு பிப்ரவரியில் விடுமுறை என்றாள் அம்மா,
முப்பது வருடத்தில் முதல்முறையாக.
போனது நேர்விக்கு. ரயிலில் கால் மணி நேரம்.
போகும் முன் இரவு அழைப்பு எண்ணை
மூன்று வீடுகளில் ஒரே நேரத்தில் மணியடிக்கும்படி
திருப்பிவிட்டிருந்தாள்:
எனக்கு,
அத்தை மகன் ஒத்தாவியோவுக்கு,
நீவெஸுக்கு.

நீவெஸ் என் மனைவி.
அதாவது, அதற்கு நான்கு மாதம் முன்புவரை.

மணியடிக்கும். எண்ணுவேன்.
மூன்று தாண்டுவதற்குள் நின்றுவிடும்.
ஆகா, ஒத்தாவியோ எடுத்துவிட்டான் என்று
புரண்டு படுப்பேன்.
ஆகா, கொர்ராதோ எடுத்துவிட்டான் என்று
அவனும் புரண்டானாம்.
பிறகு சிரித்துக்கொண்டே சொன்னான்.

பதினோரு நாள், இருபத்தேழு அழைப்பு.
திரும்பி வந்த அம்மா
தொலைபேசிக் கம்பெனியின் தாளை
சாப்பாட்டு மேசையில் விரித்து வைத்தாள்.
ஒன்றும் கேட்கவில்லை.
உப்பு எங்கே என்று மட்டும் கேட்டாள்.

அதன்பின் மூன்று வருடம்.
முதலில் நீவெஸுக்குச் சாவிகள்.
அப்புறம் வங்கி:
நீவெஸ் பேசப் பேச, பக்கத்தில் அம்மா
மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்,
கண்ணாடி தேய்ந்துவிடும் போல.
கடைசி வருடம்தான் கடினம்.
தப்புச் செய்ய விட்டாள்.
மருத்துவமனை ஒப்பந்தத்தில் நீவெஸ்
ஓர் இலக்கத்தைக் குறைத்துப் போட்டிருந்தாள்.
நாற்பதாயிரம் யூரோ.
ஒரு வாரம் முன்பே எனக்குத் தெரியும், கணக்கன் அல்லவா.
அம்மாவுக்கும் தெரியும்.
அந்த ஞாயிறு, சுடச்சுட எதையோ வாயில் வைத்தவள்போல
நாக்கை அடக்கிக்கொண்டு
மீன் முள்ளை ஒவ்வொன்றாய் எடுத்து
தட்டின் ஓரத்தில் அடுக்கினாள்.

“ரத்தம் என்று ஒன்று இருக்கிறதே, அம்மா.”

“இருக்கிறது. அதற்குத்தான் லாபத்தில் மூன்றில் ஒரு பங்கு.
ராத்திரி இரண்டு மணிக்கு
நான்காம் மாடிக்கும் ஐந்தாம் மாடிக்கும் நடுவே
தொங்குகிறவனுக்கு
உன் ரத்தம் எதற்கு?”

கையெழுத்துப் போட்டேன். அழகாகவே வந்தது.
வலித்ததா என்கிறார்கள்.
சொத்தைப் பல்தான், பிடுங்கச் சொன்னதும் நான்தான்;
இருந்தும் நாக்கு போய்ப் போய்
அந்தக் குழியைப் பார்த்துவிட்டு வருகிறது.

பலகை எழுதுகிறவன் புதிதாகச் செய்ய விலை சொன்னான்.
அம்மா ஏணியைப் பிடித்தபடி, வேண்டாம் என்றாள்.
எங்கள் பாஷையில்
‘மகன்கள்’ என்ற சொல்லின் வாலில் ஓர் எழுத்தைச் சேர்த்தால்
‘மகள்’ ஆகிவிடும்.
கூலி முப்பது யூரோ.
இடம் போதவில்லை.
அந்த எழுத்து கொஞ்சம் மெலிந்து
பலகையின் விளிம்பில் ஒண்டிக்கொண்டு நிற்கிறது.
மருமகள்கூட இல்லை இப்போது, என்றேன்.
அம்மா ஏணியை மடக்கினாள்.

போன வியாழன், நடுநிசிக்கு மேல்,
என் கட்டடத்து லிஃப்டும் நின்றது.
கையில் எண்ணெய்ப் புட்டி. வெளிச்சம் அரைகுறை.
பொத்தானை அழுத்தினேன்.
முதல் மணியிலேயே எடுத்தாள்.

“உள்ளே எத்தனை பேர்?”

பதினாறு வருடம் கேட்ட குரல் அவளுக்கு என்னுடையது.

“ஒருவர்.”

“மூச்சு சீராக இருக்கிறதா?”

“இருக்கிறது.”

“கதவைத் தொட வேண்டாம். இருபது நிமிடம்.”

பதினேழில்
என் தலைக்கு மேல் அவள் காலணி கேட்டது.

மறுநாள் காலை அந்தச் சீட்டு
என் மேசைக்கே வந்தது:
ஆள் ஒன்று, நேரம், இரவுக் கட்டணம் தனி.
கூட்டிப் பார்த்தேன்.
சரியாக இருந்தது.
அனுப்பிவைத்தேன்.