சிறு நூல்

வினிப்பெக்கில் மைனஸ் முப்பத்தொன்று.
உடையறையில் ஊசிக்கும் விறைப்பு.
உள்ளங்கையில் உருட்டிச் சூடாக்கிக் கோத்தேன்.

மூன்றாம் அங்கத்தில் சாகப்போகிறவளுக்கு
முதுகுத் தையல் பிரிந்திருந்தது.
விஷம் குடித்தபின்னும் இருபது நிமிடம்
பாடிவிட்டுத்தான் விழுவாள்.
"மூச்சுக்கு இடம் வேண்டும்,
இன்னும் அரை அங்குலம் விடு" என்றாள்.
விட்டேன்.

அவள் போனதும் ஒர்னெல்லா வந்தாள்,
மேடையோரப் பொந்தில் உட்கார்ந்து
மறந்தவர்களுக்கு அடியெடுத்துக் கொடுப்பவள்.
கோரிடன் அவென்யூவில் வீடு.
கனடாவில் பிறந்தும்
கோபம் மட்டும் இத்தாலிய மொழியில் வரும்.
கையில் முதுகொடிந்த ஒரு புத்தகம்;
தாள்கள் சீட்டுக்கட்டாய்ச் சரிந்தன.

"லிப்ரெட்டோ" என்றாள்.
"பாட்டுப் புத்தகமா?" என்றேன்.
மதுரையில் பழைய பேப்பர்க் கடை எடைத்தட்டில்
பார்த்திருக்கிறேன் அந்த இனத்தை:
நாலு பக்கக் கதைச் சுருக்கம்,
நாயகி ஆற்றில் குதிக்கும் நேரத்தில்
"மீதியை வெள்ளித்திரையில் காண்க."

"இதில் மீதியும் உண்டு" என்றாள் ஒர்னெல்லா.
"லிப்ரோ என்றால் புத்தகம்.
எட்டோ ஒட்டினால் சின்னது.
குட்டிப் புத்தகம், அவ்வளவுதான்."

அவ்வளவுதானா?
ஒரு ராஜ்ஜியம், இரண்டு கொலை,
மூன்று மணிநேரம் கத்துகிற காதல்,
எல்லாவற்றுக்கும் வைத்த பேர்
குட்டிப் புத்தகமா?
அட்டையைப் பார்த்தேன்.
இசையமைத்தவர் கொட்டை எழுத்தில்.
சொல் எழுதியவர்
அச்சகத்தின் முகவரிக்கு மேலே, பொடி எழுத்தில்.
பேரிலேயே சிறுமை ஒட்டியாயிற்று,
அப்புறம் யார் பெரிதாய் அச்சடிப்பார்?

"எங்களுக்குப் புத்தகம் நூல்" என்றேன்.
கையிலிருந்ததை விளக்கில் தூக்கிக் காட்டி,
"இதுவும் நூல்."
"ஒரு சொல்லை இரண்டு வேலைக்கா?
அவ்வளவு கஞ்சர்களா நீங்கள்?"

பிறகு அவளே சொன்னாள்:
லிப்ரோவுக்கு முந்தைய லத்தீன் சொல்லுக்கு
மரத்தின் உட்பட்டை என்றும் பொருளாம்.
உரித்து, அதில் எழுதினார்களாம்.
நாங்களும் உரித்தோம், ஒர்னெல்லா.
உடுத்திக்கொண்டோம்.
மரவுரி என்று பேர்,
காட்டுக்குப் போகிற அரசகுமாரர்களின் உடுப்பு.
ஒரே பட்டை;
உங்களுக்குப் படிக்க, எங்களுக்குப் போர்த்த.
நான் உடைக்காரி,
எந்தப் பக்கம் நிற்பேன் சொல்லு.

அவள் பக்கங்களைத் தடவிக்கொண்டிருந்தாள்.
அந்தக் காலத்து அரங்கங்களில்
வாசலில் புத்தகம் வாங்கி
மெழுகுவர்த்தி பிடித்து வாசிப்பார்களாம்;
பழைய பிரதிகளில் இன்றும் இருக்குமாம்
சொட்டிய மெழுகின் வட்டங்கள்.
நான் பொத்தான் நூலுக்கு மெழுகு தேய்த்தேன்.
ஐந்து துளை. போய், திரும்பி, முடிச்சு.
இறுக்கித் தைத்தேன்,
அழகாய் வந்தது.

அன்றிரவு சுவர் ஒலிபெருக்கியில்
கேட்டுக்கொண்டிருந்தேன்.
விஷம் குடித்தாயிற்று.
வயலின்கள் ஏறி நின்றன.
அவள் வரவில்லை.
மறந்துவிட்டாள்.
ஒர்னெல்லாவின் குரலும் இல்லை.
என் இரண்டாம் துளைக்கும் மூன்றாவதற்கும் நடுவே,
பக்க மடிப்பின் இருட்டுக்குள்
அந்த வரியின் முதற்சொல் கிடந்தது.
நான் தைத்து மூடியிருந்தேன்.

பட்டென்று ஒரு சின்னச் சத்தம்.
எட்டாயிரம் பொத்தான் தைத்த காது எனக்கு,
நூல் அறுவது தெரியும்.
உடனே ஒரு கிசுகிசுப்பு,
அதைப் பிடித்து ஏறியது குரல்.
சபை மூச்சுவிட்டது,
அது நடிப்பென்று நினைத்து.

மறுநாள் புத்தகத்தை மேசையில் போட்டாள்,
அறுந்த நூல் நாக்கு மாதிரி தொங்க.
திட்டினாள், இத்தாலிய மொழியில்.
எனக்கு ஒரு சொல்லும் புரியவில்லை.
விரலால் அளந்து காட்டியது மட்டும் புரிந்தது:
இன்னும் அரை அங்குலம்.