கீழ்வரிப் பெயர்

சால்மன் பண்ணையின் பழங்கயிற்றை
வாளியோடு கொண்டுவந்து வைக்கிறான் ஹோக்னி.
கயிறெங்கும் ஹைட்ராய்டுப் புதர்.
பாசியல்ல, விலங்கு என்று
சுன்வோர் பத்துமுறை சொல்லியாயிற்று.
"அழுக்கு" என்பது அவன் வைத்த பெயர்.
அதுவும் ஒரு வகைப்பாடுதான்.

ஃபாரோ தீவுகளில் மார்ச்.
மழை மேலிருந்து விழுவதில்லை இங்கே,
பக்கத்து வீட்டிலிருந்து வருகிறது.
நுண்ணோக்கியின் கீழ்
நகப்பிறை நீளத்துக்கு ஒரு புழு
தன் சளிக்குழாயிலிருந்து பாதி வெளியே,
ஹைட்ராய்டைத் தின்றுகொண்டு.

தொகுதி: வளையப்புழு.
வகுப்பு: பாலிக்கீட்டா, பன்மயிர் உடையது.
குடும்பம்: சில்லிடே.
இந்தக் குடும்பத்துக்குள் நுழையச் சீட்டு
தொண்டைக்குப் பின்னால் பீப்பாய்போலொரு தசைப்பை.
இருக்கிறது. துடிக்கிறது.
மயிர்நுனிகளைப் பார்க்கிறாள்:
நுனிக்கு இரண்டு பல்.
எண்ணி முடிக்குமுன் காப்பி ஆறிவிட்டது.

பதினான்காம் கணுவில்தான் நின்றாள்.

எண்சாண் உடம்புக்குத் தலையே பிரதானம்.
ஒரு விரற்கடையும் தேறாத இதற்கோ
நடுவுடம்பில் இன்னொரு தலை,
முன்தலையைவிடப் பெரிய கண்களோடு,
வாலுக்கு மட்டும் வேறெங்கோ போகவேண்டியிருப்பதுபோல.

நூற்றைம்பது வருடம் முன்பு
பேர்கனில் ஒரு கப்பல் மருத்துவர்
தின்னும் புழுவுக்குப் பெயர் வைத்தார்.
பதினோரு வருடம் கழித்து
இதே தீவில் ஒரு பாதிரியார்
இரவில் படகோரம் லாந்தர் தொங்கவிட்டு
நீந்தும் புழுவைக் கோப்பையில் அள்ளினார்.
வயிற்றடியில் முட்டைப்பை, பெருங்கண்.
புது இனம் என்று எழுதி
அந்தக் குளிர்காலம் இறந்த மனைவி
எல்செபெத்தின் பெயரைச் சூட்டினார்.
இதன் ஆண் எங்கே என்று
முப்பது வருடம் தேடினார்.
ஆண் அவர் அலமாரியிலேயே இருந்தது,
வேறு சாடியில், வேறு பெயரில்.

இரண்டும், மூன்றும், ஒன்று.
தின்பது தாய்.
கழன்று நீந்துவது அதன் வால்.

முந்திய பெயர்தான் நிற்கும். விதி அப்படி.
எல்செபெத் கீழ்வரிக்கு இறங்குகிறாள்,
சிறிய எழுத்தில், ஆண்டும் பக்கமும் சேர்த்து.
அழிப்பதில்லை எதையும் இந்தத் தொழிலில்.
தவறுகளுக்கும் முகவரி உண்டு.
தட்டச்சு செய்யும்போது சுன்வோருக்கு
யார் வீட்டுப் பெயர்ப்பலகையையோ
கழற்றுவதுபோல் விரல் கூசியது.
கழற்றினாள்.

பிறகு பரவல் வரைபடம்.
பேர்கனில் ஒரு புள்ளி, ஷெட்லாந்தில் இரண்டு,
ஐஸ்லாந்தின் தென்கரையில் ஒன்று,
மேய்ன் வளைகுடாவில்
கேள்விக்குறியோடு ஒன்று.
இடையிலெல்லாம் வெள்ளைக் காகிதம்.
அங்கே புழு இல்லையா,
கப்பலுக்குக் காசு இல்லையா,
வரைபடம் சொல்லாது.
வாழிடம் என்ற கட்டத்தில்
தாழ்நீர் முதல் நாற்பது மீட்டர் வரை,
பாறை, சிப்பி, ஹைட்ராய்டு என்று நிரப்பி
"பண்ணைக் கயிறு" என்றும் சேர்த்தாள்,
ஹோக்னியை நினைத்து.

"பெயர் போனதில் அதற்கு என்ன நஷ்டம்?"
கதவருகே ரப்பர் காலணியோடு நின்று கேட்டான்.
"ஒன்றுமில்லை."
"அப்போ யாருக்கு?"
அவள் பதில் தேடுவதற்குள்
தட்டில் வால் கழன்றது.
சற்றுத் தயங்கி, வட்டமிட்டு,
விளக்கை நோக்கி நீந்தியது.
அவள் நாற்காலியை விட்டு நகர
ஹோக்னி குனிந்து ஒற்றைக்கண் வைத்தான்.
நெடுநேரம் பேசவில்லை.
பிறகு, யாரோ ஏமாற்றிவிட்டாற்போல:
"அழுக்குக்குக் கண் இருக்கிறதே."

நாளைக் காலை மிச்சக் கயிறுகளை
கொதிநீர் பாய்ச்சி அலசவேண்டும் அவன்.