கட்டம் இல்லாத எண்

பதினேழாம் இலக்க மாதிரி எங்கள் கடையினுடையது.
பெயரை மறைத்துத்தான் அனுப்பியிருந்தார்கள்.
ஆனாலும் பையின் வாயைக் கட்டிய பச்சை நைலோன் நூல்
ஜவாத் காக்கா பழைய நண்டு வலையில்
வெட்டி வைத்திருப்பது.

அடிக்கட்டுப் பசளை. சாம்பல் நிறக் குருணி,
உள்ளங்கையில் கொட்டினால் உருளும்.
அரை கிராம் நிறுத்து
நைத்திரிக் அமிலத்தில் கொதிக்க விட்டேன்.
கண்ணாடிக்கு அப்பால் செம்பழுப்பு ஆவி
எழும்பிக் கலைந்தது.

முன்பு இது கடல்.
ஏதோ ஒரு பாலைவனத்தின் அடியில்
சுறாப் பல்லும் மீன் முள்ளும் அடைந்தடைந்து
கல்லாகிக் கிடந்தது.
தன் தண்ணீரில் இருந்ததையெல்லாம் சேர்த்தே வைத்திருந்தது,
ஆசனிக்கு, ஈயம், கட்மியம், துளி யுரேனியம்.
வெடிவைத்து உடைத்தவர்கள்
பொசுபரசை மட்டும்தான் கேட்டார்கள்.
கல்லுக்குப் பிரித்துக் கொடுக்கத் தெரியாது.

நீலச் சுடர். குழாய் உறிஞ்சியது.
கட்மியம், கிலோவுக்கு நாற்பத்தொரு மில்லிகிராம்.
மறுபடி.
நாற்பது தசம் எட்டு.
வெறும் அமிலத்தை ஓட்டினேன், பூச்சியம்.
கை தவறியதென்று சொல்ல வழியில்லை.

படிவத்தில் மூன்றே கட்டம்:
ஈரப்பதன், மொத்தப் பொசுபேற்று, நீரில் கரைவது.
மூன்றிலும் தேறியது.

பகல் சோற்றைத் திறந்தேன்.
வளத்தாப்பிட்டி வட்டையில் விளைந்தது;
பசளைக் கடனுக்கென்று முகைதீன்பாவா
கடையில் இறக்கிவிட்டுப் போன மூட்டை.
அவருக்கு இரண்டு வருசமாய்க் கால் வீங்குகிறது.
அதையும் இதையும் முடிந்து கட்ட
என்னிடம் நூல் இல்லை.
பசித்தது. தின்றேன்.

அந்தியில் காக்காவுக்கு அடித்தேன்.
"எழுவது அந்தர் இறக்கின, பாதி கடனுக்குப் போய்ட்டு.
தேறினதா தேறல்லயா, அதச் சொல்லுகா."
பின்னால் தராசுத் தட்டு அடிபடும் சத்தம்.
தேறியது என்றேன்.
பொய்யில்லை.

எல்லோரும் போன பிறகு
மூன்றாம் கட்டத்துக்குக் கீழே,
கையொப்பத்துக்கென்று விட்ட வெள்ளையில்
நாற்பத்தொன்று என்று பென்சிலால் எழுதினேன்.
கொஞ்ச நேரம் பார்த்திருந்தேன்.
அதன் மேலேயே பேனையால்.
மிச்ச இடம் போதாமல்
ஓரத்தில் ஒடுங்கிப் போனது என் பெயர்,
கூடவே வாப்பாவின் பெயரும்,
கடைப் பலகையில் உள்ள அதே பெயர்.