மண் பெட்டி

வாரத்தில் ஐந்து நாள் நான்
ஒரு பல் டாக்டரிடம் பில் போடுகிறவன்.
சனிக்கிழமை மட்டும்
விஸ்கான்சின் சோளக்காடு ஒன்றின் நடுவே
சாலையை நிறுத்த எனக்கு அதிகாரம் உண்டு.
ஒரு சிவப்புக் கொடி, ஆரஞ்சு மேற்சட்டை,
பேட்டரி பாதி தீர்ந்த வாக்கி டாக்கி.
கேட்டுக்கு மணி வைக்கப் பணம் சேரவில்லை,
அதனால் மணி நான்தான்.

ரயில் எங்கே போகிறது என்று கேட்பார்கள்.
எங்கும் போகவில்லை.
ஏழு மைல் ஓடி
வெள்ளம் கொண்டுபோன பாலத்துக்கு இந்தப் பக்கமே நின்று
பூசணிக்காய்களைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத்
திரும்பி வரும்.
போகும்போது எஞ்சின் இழுக்கும், வரும்போது தள்ளும்.
பெரியவர்களுக்குப் பதினான்கு டாலர்,
மடியில் உட்காரும் குழந்தைக்கு இலவசம்.

ஓட்டுகிறவள் டோர்த்தியா ஹாவ்கன்,
மற்ற நாட்களில் பள்ளிக்கூட பஸ்.
பிரேக்குக்கு எல்ட்ரெட், டிக்கெட்டுக்கும் பாப்கார்னுக்கும் மார்வா.
ஏப்ரல் முழுக்க முட்டி போட்டு
அழுகிய கட்டைகளைப் பிடுங்கிப் புதுக் கட்டைகளைச் செருகினோம்.
நூற்றுப் பன்னிரண்டு.
என் முதுகு கணக்கு வைத்திருக்கிறது.

அக்டோபர் இரண்டாம் சனி. முந்தின இரவு மழை.
இரண்டு மணி ரயில் என்னைத் தாண்டிப் போனது.
ஜன்னல்களில் கைகள்,
சில எனக்கு, சில மாடுகளுக்கு.
ஒரு பையன் கண்ணாடியில் வாய் வைத்துத் தூங்கினான்,
அவன் மூச்சு ஒரு வெள்ளை வட்டம்.

மூன்று பத்துக்கு ஊதல் கேட்டது.
கொடியை உயர்த்தினேன். நான்கு வண்டிகள் நின்றன.
ரயில் வரவில்லை.
வளைவில் தெரிந்தது, மேட்டில்,
சக்கரம் சுற்றுகிறது, வண்டி நகரவில்லை.
கடைசியில் நின்ற பிக்கப்காரன் ஹார்னை அழுத்தினான்,
எடுக்கவே இல்லை.

கொடியைத் தாழ்த்தினேன். மூன்று கார்கள் போயின.
அவன் போகாமல் இறங்கி வந்தான்.
"என்ன ஆச்சு?"
"இலை."
"இலையா?"
"ஓக் இலை. நசுங்கினால் சோப்பு மாதிரி."
எழுபது டன் இரும்பை அவன் ஒரு முறை பார்த்தான்,
என்னை ஒரு முறை.
"மண் போடுவீர்களே, அதற்கென்று பெட்டி இருக்குமே?"

இருக்கிறது. காலி.
வெள்ளி மாலைப் பட்டியலில் ஏழாவது வரி:
மண் பெட்டி நிரப்பியாயிற்றா.
அதற்கு நேரே இரண்டு எழுத்து இனிஷியல்.
என்னுடையது.
அன்றைக்குக் கால்பந்து இருந்தது. பிறகு போடலாம் என்று.

அவன் வண்டியின் பின்பக்கம்
பனிக்காலத்துக்கு என்று வைத்திருந்த இரண்டு மூட்டை.
ஒன்று அவன் தோளில், ஒன்று என் தோளில்,
கட்டை கட்டையாக அரை மைல்.
பேசவில்லை.
மூட்டையில் ஓட்டை. என் காலருக்குள் மண்.

டோர்த்தியா பிள்ளைகளை இறங்க விடவில்லை.
ஆனாலும் ஜன்னல் ஜன்னலாக யோசனை இறங்கியது:
இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கம், அங்கே விட்டுப்போச்சு, அங்கே!
பாப்கார்ன் கோப்பையில் மொண்டு மொண்டு
தண்டவாளத்தில் தூவினோம்,
கோலப்பொடி போல மெல்லியதாக.
தூங்கின பையன் எழுந்துவிட்டிருந்தான்.

சக்கரம் ஒரு முறை வழுக்கியது.
பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு பிடித்தது.
பெட்டி முழுக்கக் கைதட்டல்.

அவன் கையை நீட்டினான். குலுக்கப் போனேன்.
"மூட்டை ஆறு டாலர். இரண்டு."
மார்வா பாப்கார்ன் டப்பாவைத் திறந்து
சில்லறையாகப் பன்னிரண்டு கொடுத்தாள்.
எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் போனான்.
பெயர் கேட்கத் தோன்றவில்லை.

செவ்வாய்க்கிழமை யாரோ ஒரு அப்பா போன் செய்தார்.
அந்த, மேட்டில் நின்று மண் போடுகிற ரயில்,
அது இரண்டு மணிக்கா, நாலு மணிக்கா?
பக்கத்தில் ஒரு சின்னக் குரல் கேட்டுக்கொண்டிருந்தது.

என்ன சொல்வது.
பெட்டியை அன்று காலைதான் நிரப்பியிருந்தேன்,
விளிம்பு வரைக்கும்,
இனிஷியல் இல்லாமல் முழுப் பெயர் எழுதி.